ஒரு தேங்காய்த் தரகன் பார்த்த இரண்டு படிப்பு ஆலோசனைகள்: ஒன்றுக்கு 3,500 ரூபாய், இன்னொன்றுக்கு ஒரு டீ

நான் தேங்காய்த் தரகன். கேரளத்து எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே உள்ள தோப்புகளில் காய் பேசி, லோடு ஏற்றி, பொள்ளாச்சிக்கும் காங்கேயத்துக்கும் அனுப்புவது 28 வருடத் தொழில். படிப்பு பத்தாவதோடு சரி. படிப்பு ஆலோசனை மையத்துக்கு விமர்சனம் எழுத இவனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால் ஒரே பதில்தான் உண்டு: கமிஷன் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் எனக்கு வாசனை தெரிந்துவிடும்.

மகள் 2022-ல் எங்கள் பக்கத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். 2025 ஏப்ரலில் கடைசிப் பரீட்சை முடிந்தது. அதற்குப் பிறகு என்ன என்பதில் வீட்டில் மூன்று கட்சி. அவளுக்கு எம்.எஸ்சி. வேண்டும். வீட்டம்மாவுக்கு அவள் உடனே பி.எட். முடித்து டீச்சராக வேண்டும். எனக்குக் கடன் வாங்காமல் ஏதாவது ஒன்று நடந்தால் போதும். கோயமுத்தூரில் இருக்கிற மச்சான் போன் செய்து, "மாமா, இதுக்குன்னே ஒரு சென்டர் இருக்குதுங்க, பணம் வாங்குனாலும் பக்காவா சொல்லுவாங்க" என்றான். போனோம்.

மையத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதைக்கூட விட்டுவிடுகிறேன். இரண்டு பக்கமும் இப்படி நிறைய இருக்கின்றன.

கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவர் முழுக்கப் பட்டமளிப்பு அங்கி போட்ட பிள்ளைகளின் படங்கள். பதிவுக் கட்டணம் 500, திறனறித் தேர்வுக்கும் முக்கால் மணி நேர ஆலோசனைக்கும் சேர்த்து 3,000. ரசீது கொடுத்தார்கள். முன் மேசையில் இருந்த பெண் பிள்ளை தங்கமானவள். நான் செருப்பை வெளியே விடுவதா போட்டுக்கொள்வதா என்று தடுமாறியபோது, "அப்படியே வாங்க அண்ணா" என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள். குறை சொல்லும்போது அந்தப் பிள்ளையைச் சேர்க்கவில்லை.

தேர்வு கம்ப்யூட்டரில், ஆங்கிலத்தில், 120 கேள்விகள். முடித்துவிட்டு வந்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "லீவு நாள்ல மலையேறப் போவியா, படம் வரைவியா, பைக் ரிப்பேர் பண்ணுவியான்னு கேக்கறாங்கப்பா. நம்ம வீட்ல லீவு நாள்ல கொப்பரை காயப்போடுவோம், அதுக்குக் கட்டமே இல்லை." எதையோ ஒன்றைத் தட்டிவிட்டு வந்திருக்கிறாள். அந்தத் தட்டலை வைத்து மூன்றாம் நாள் 26 பக்கத்தில் கலர் அறிக்கை வந்தது, சுருள் பைண்டிங்கோடு. எண் திறன் இவ்வளவு, தலைமைப் பண்பு இவ்வளவு என்று வண்ணப் பட்டைகள். கணக்குப் படித்த பிள்ளைக்குக் கணக்கு வரும் என்று கண்டுபிடிக்க 3,000 ரூபாயா என்று கேட்க வாய் வரை வந்தது. வீட்டம்மா முறைத்ததால் அடக்கிக்கொண்டேன்.

அறிக்கையின் 19-ஆம் பக்கம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆசிரியர் வேலைக்குப் போகும் வழியைப் படிக்கட்டு போல வரைந்திருந்தார்கள். கீழ்ப்படியில் தொடக்கப் பள்ளி, அடுத்தது உயர்நிலைப் பள்ளி, அதற்கு மேல் பிளஸ் டூ, உச்சியில் கல்லூரி. ஒவ்வொரு படிக்கும் எந்தப் பட்டம், எந்தத் தேர்வு என்று எழுதியிருந்தது. டீச்சர் என்றால் ஒரே வேலை என்று நினைத்திருந்த என்னைப் போன்ற ஆளுக்கு அந்தப் படமே பெரிய பாடம். அப்புறம்தான் தெரிந்தது, படிகள் சரி, படிகளின் மேல் எழுதியிருந்த பெயர்களில்தான் கோளாறு.

முக்கால் மணி நேர ஆலோசனைக்கு வருகிறேன். டை கட்டிய தம்பி, முப்பது வயதிருக்கும், நல்ல பேச்சு. "உங்க பொண்ணு ஐ.ஐ.டி.யில எம்.எஸ்சி. பண்ணலாம் சார், ஜாம்னு ஒரு நுழைவுத் தேர்வு எழுதணும். பாலக்காட்டுலயே ஐ.ஐ.டி. இருக்கு. இல்லேன்னா சி.யு.இ.டி. பி.ஜி. எழுதி சென்ட்ரல் யுனிவர்சிட்டி, திருவாரூர், காசர்கோடு, பாண்டிச்சேரி." எனக்குப் புல்லரித்தது. 2015-ல் ஐ.ஐ.டி. வந்தபோது கஞ்சிக்கோடு பக்கம் நிலம் விலை ஏறியதுதான் எனக்குத் தெரியும். அங்கே என் மகளுக்கு இடம் கிடைக்கலாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக அந்தத் தம்பிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மகள்தான் மெதுவாகக் கேட்டாள்: "ஜாம் பிப்ரவரியிலயே முடிஞ்சுதுங்களே சார்? சி.யு.இ.டி. பி.ஜி.யும் ஏப்ரல் ஒண்ணாந்தேதியோட முடிஞ்சுது." நாங்கள் போனது மே மாதம். தம்பி ஒரு வினாடி தயங்கிவிட்டு, "ஒரு வருஷம் டிராப் எடுத்து நம்ம கிட்டயே கோச்சிங் எடுத்துக்கலாம்" என்றார். கோச்சிங் கட்டணம் தனி. விற்றுப்போன காய்க்கு விலை பேசுகிற வேலை இது. நானும் செய்திருக்கிறேன், அதனால் கோபம் வரவில்லை, உஷாரானேன்.

அடுத்தது நெட், அதாவது தேசியத் தகுதித் தேர்வு. கல்லூரியில் வாத்தியார் வேலைக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் யு.ஜி.சி. நெட் எழுத வேண்டும், வருடம் இரண்டு முறை, தப்பான பதிலுக்கு மார்க் குறையாது, ஆகவே எல்லாவற்றையும் தட்டிவிட்டு வரலாம் என்று அறிக்கையில் இருந்தது. அன்றைக்கு நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். ராத்திரி மகள் போனில் பார்த்துவிட்டு வந்து எழுப்பினாள். யு.ஜி.சி. நெட்டில் கணிதம் என்று ஒரு பாடமே கிடையாது. கணிதம், இயற்பியல், வேதியியல் போன்ற அறிவியல் பாடங்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். என்கிற அறிவியல் ஆராய்ச்சி கவுன்சிலின் பெயரில் நடக்கும் நெட் தனி. தமிழ், வரலாறு, பொருளாதாரம் படித்தவர்களுக்குத்தான் அந்தத் தம்பி சொன்னது. சி.எஸ்.ஐ.ஆர். கணிதத் தாளில் மூன்று பகுதிகள். முதல் இரண்டிலும் தப்பு செய்தால் மார்க் குறையும். மூன்றாவதில் குறையாது, ஆனால் ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கலாம், அத்தனையையும் சரியாகக் குறித்தால்தான் மார்க். தம்பியின் பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் தட்டிவிட்டு வந்திருந்தால் என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். கொப்பரைக் களத்துக்குப் போகிறவனிடம் இளநீருக்கான பக்குவம் சொன்ன கதை.

முனைவர் பட்டம் இல்லாமல் உதவிப் பேராசிரியர் ஆகவே முடியாது என்றும் அடித்துச் சொன்னார். அது பழைய பேச்சு. பல்கலைக்கழகத் துறைகளில் அப்படி ஒரு விதி வருவதாக இருந்து, தள்ளிப்போய், கடைசியில் 2023 ஜூலையில் யு.ஜி.சி. திருத்தம் கொண்டுவந்து நெட் அல்லது மாநில அளவிலான செட் போதும், பி.எச்டி. கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டது. பி.எச்டி. இருந்தால் நல்லது என்பது வேறு, இல்லையென்றால் வாசலே இல்லை என்பது வேறு.

சரி, ஆளுக்கு ஆள் தவறு வரும். நானும் ஒரு தோப்பில் காய் எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்லிக் கெட்ட பேர் வாங்கியவன்தான். என் மனது மாறியது அதற்கப்புறம்.

எம்.எஸ்சி.க்கு நாங்கள் தயங்குவதைப் பார்த்ததும் தம்பி, "அப்ப பி.எட். முடிச்சிடுங்க சார், ஒரு காலேஜ் இருக்கு" என்று சொல்லிவிட்டு எங்கள் முன்னாலேயே போனை எடுத்தார். "சார், ஒரு கேண்டிடேட் இருக்காங்க, மேத்ஸ், நல்ல மார்க், பேரன்ட்ஸ் கூடவே இருக்காங்க." அந்தத் தொனியை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன். மில்லுக்காரருக்கு நான் போன் போட்டு, "அண்ணா, பத்தாயிரம் காய், நல்ல சரக்கு, தோப்புக்காரர் பக்கத்துலதான் இருக்கார்" என்று சொல்கிற அதே தொனி. என் மகள் அந்த நாற்காலியில் லோடாக உட்கார்ந்திருந்தாள்.

தரகு வாங்குவது பாவம் என்று நான் சொன்னால் என் வீட்டு அடுப்பு சிரிக்கும். ஆனால் எங்கள் தொழிலில் தோப்புக்காரருக்குத் தெரியும், நான் இரண்டு பக்கமும் காசு வாங்குகிறேன் என்று. இங்கே எங்களிடம் 3,500 ரூபாயை "பாரபட்சமில்லாத ஆலோசனை" என்று ரசீதில் எழுதி வாங்கிவிட்டு, அந்தப் பக்கம் காலேஜிலும் வாங்குகிறார்கள். அதைச் சொல்லவில்லை. அவ்வளவுதான் என் வழக்கு.

அந்தக் கல்லூரியைப் பற்றிச் சொன்னதும் கேளுங்கள். "தினமும் போக வேண்டியதில்லை சார், பரீட்சைக்கும் ரெக்கார்டுக்கும் போனா போதும், அட்டெண்டன்ஸ் அவங்க பாத்துக்குவாங்க." கூடவே, "பி.எட். முடிச்சிட்டா ஒண்ணாவதுல இருந்து எங்கே வேணாலும் சேரலாம். எய்டட் ஸ்கூல்ல போஸ்ட் வந்தா நாமளே சொல்லுவோம், அதுக்கு மேனேஜ்மெண்ட்ல கொஞ்சம் பேச வேண்டியிருக்கும்." பேசுவது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேரளத்தில் எய்டட் பள்ளிக்குச் சம்பளம் அரசாங்கம் கொடுக்கும், ஆளை நியமிப்பது நிர்வாகம். இடையில் இருக்கிற பள்ளத்தில் எத்தனை பேர் தோப்பை விற்றுப் போட்டிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அதில் ஒன்றிரண்டு தோப்புக்கு நானே காய் பேசியவன்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் மகள் சொன்னாள்: "அப்பா, கிளாசுக்கே போகாம நான் கிளாஸ் எடுக்கக் கத்துக்கறதுங்களா?"

மறுநாள் ஊரில் அரசு இ-சேவை மையமான அக்ஷயா சென்டரில் உட்கார்ந்து பார்த்தோம். ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சில், என்.சி.டி.இ. என்கிறார்கள், எந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம், எத்தனை சீட் என்று அதன் தளத்தில் பட்டியல் இருக்கிறது. பி.எட்.டுக்கு ஒரு யூனிட் என்றால் 50 பேர். தம்பி கொடுத்த நோட்டீசில் 150 சீட் என்று போட்டிருந்தது. பட்டியலில் அந்தக் கல்லூரிக்கு ஒரே யூனிட். மீதி 100 பேர் எந்த வகுப்பில் உட்காருவார்கள் என்பது அந்தக் கல்லூரிக்கே வெளிச்சம். இரண்டு வருட பி.எட்.டில் வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிக்கூடத்தில் போய்ப் பாடம் நடத்தும் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்பது என்.சி.டி.இ. விதி. இரண்டாம் வருடத்தில் மட்டும் 16 வாரம் பள்ளிக்கூடத்திலேயே இருக்க வேண்டும். "போகவே வேண்டாம்" என்று யார் சொன்னாலும், எல்லையில் இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், அங்கேயே எழுந்துவிடுங்கள்.

இரண்டாவது ஆலோசனை ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊருக்கு அடுத்த ஊரில் ஒரு வாசகசாலை இருக்கிறது. மலையாளத்துக்காரர்கள் வாயனசாலை என்பார்கள். ஓட்டுக் கட்டடம், ஆடுகிற பெஞ்சு, ஐந்து பேப்பர். ரிட்டையரான ஒரு ஹெட்மாஸ்டர் ஞாயிறு காலையில் அங்கே ஒரு நீள நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவார். தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்தில் 30 வருடத்துக்கு மேல் இருந்தவர். எல்லோருக்கும் மாஷ். கட்டணம் கிடையாது. எதிர்க்கடையில் டீ சொன்னால் குடிப்பார், அதுவும் சர்க்கரை இல்லாமல்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மணி என்பார், ஒன்பதே முக்காலுக்கு வருவார். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்தவர். அந்தக் கல்லூரி 1866-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது என்பதை வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் சொல்லாமல் விட மாட்டார். எனக்கு இரண்டு முறை சொன்னார். கம்ப்யூட்டர் தெரியாது, பேப்பரில் வரும் அறிவிப்புகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைப்பார். சில வெட்டுத்துண்டுகள் பழையவை, தேதியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மகளை உட்கார வைத்து அவர் கேட்ட முதல் கேள்வி, மூன்று நாள் போய் வந்த அந்த மையத்தில் ஒருவரும் கேட்காதது: "அம்மிணி, நீ எந்த மீடியத்துல படிச்சே?"

"பிளஸ் டூ வரைக்கும் தமிழ்ங்க மாஷே. டிகிரி இங்கிலீஷ்."

"வேலை கிழக்கே வேணுமா, மேற்கே வேணுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கிழக்கே என்றால் பொள்ளாச்சி, தமிழ்நாடு. மேற்கே என்றால் பாலக்காடு. எங்கள் ஆட்களுக்கு இது ஒரு கேள்வியே கிடையாது; கல்யாணம் கிழக்கே, ஆஸ்பத்திரி மேற்கே, சினிமா எங்கே புதுப் படமோ அங்கே. தாத்தா காலத்தில் இன்னும் வேடிக்கை. சித்தூர் கொச்சி ராஜ்யம், பக்கத்தில் பாலக்காடு மதராஸ் மாகாணம். 1956 நவம்பரில் எல்லைக் கோட்டை மாற்றிப் போட்டார்கள். எங்களுக்குத் தேங்காய் லோடு செக்போஸ்டில் நிற்கும்போது மட்டும்தான் அந்தக் கோடு ஞாபகம் வரும். "வேலைக்கு அப்ளிகேஷன் போடும்போதும் அந்தக் கோடு வரும்" என்றார் மாஷ்.

நாங்கள் 19-ஆம் பக்கத்தைக் காட்டினோம். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு பார்த்தார். கல்லூரி என்ற மேல்படியில் "செட்" என்று போட்டிருந்ததைப் பேனாவால் சுழித்தார். "இது எந்த ஊர் செட்?"

அதுதான் விஷயம். தமிழ்நாட்டில் செட் என்றால் கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கான மாநிலத் தகுதித் தேர்வு. கேரளத்திலும் செட் என்று ஒன்று இருக்கிறது, எல்.பி.எஸ். சென்டர் என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது. ஆனால் அது பிளஸ் டூ பள்ளி ஆசிரியர் வேலைக்கு. பெயர் ஒன்று, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை, இந்தப் பக்கம் வேறு வேலை. கேரளத்து செட்டைப் பாஸ் செய்துவிட்டுக் கல்லூரி வேலைக்கு அப்ளிகேஷன் போட்ட பிள்ளைகளை மாஷ் பார்த்திருக்கிறாராம். நெட் மட்டும்தான் இந்தியா முழுக்க ஒரே அர்த்தம். இப்படியே பி.எஸ்சி. என்றால் பட்டம், பி.எஸ்.சி. என்றால் தேர்வாணையம்; எங்கள் வீட்டில் இரண்டையும் ஒரே மாதிரி உச்சரித்து வீட்டம்மாவைக் குழப்பாத நாள் இல்லை.

பிறகு மாஷ் நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார். இடது பக்கம் மேற்கு, வலது பக்கம் கிழக்கு. (திசை தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றியது, அப்புறம் மேப்பில் அப்படித்தானே என்று சமாதானமானேன்.)

கிழக்கே போனால்: பி.எட்., பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்தும் தகுதித் தேர்வு. மேல்நிலைப் பள்ளிக்கு எம்.எஸ்சி., பி.எட்., அதற்கான போட்டித் தேர்வு. கட்டாயத் தமிழ்த் தாள் உண்டு, இவளுக்கு அது பிரச்சினையில்லை. பிரச்சினை வேறு. அங்கே இடஒதுக்கீடு அந்த மாநிலத்தாருக்குத்தான். நம் ரேஷன் கார்டோடு போனால் எந்தச் சாதியானாலும் பொதுப் பிரிவில்தான் நிற்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத ஒதுக்கீடு இருக்கிறதே என்று நான் குறுக்கே புகுந்தேன், பேப்பரில் படித்த ஞாபகம். மாஷ் சிரித்தார். 2010-ல் வந்த அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒன்றாம் வகுப்பிலிருந்து வேலைக்குரிய படிப்பு வரைக்கும் தமிழிலேயே படித்திருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். இவளுடைய டிகிரி ஆங்கிலத்தில். அந்தக் கதவும் சாத்திக்கொண்டது.

மேற்கே: உயர்நிலைப் பள்ளி என்றால் பி.எஸ்சி., பி.எட்., கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டில் மூன்றாம் பிரிவு. அந்தத் தேர்வு 150 கேள்வி, 150 மார்க், தவறுக்கு மார்க் குறையாது. மொழித் தெரிவில் தமிழும் உண்டு. பிளஸ் டூ என்றால் எம்.எஸ்சி., பி.எட்., செட். கல்லூரி என்றால் எம்.எஸ்சி., நெட். "இதெல்லாம் யாரும் சொல்லுவாங்க" என்றார். "இனி சொல்றதைக் கேளு." கேரளத் தேர்வாணையம் தமிழ் மீடியம் பள்ளிகளுக்கென்று தனியாக ஆள் எடுக்கிறது. உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர், தமிழ் மீடியம் என்றே அறிவிப்பு வரும். பாலக்காடு, இடுக்கி போன்ற இடங்களில். இடங்கள் கொஞ்சம்தான், எப்போதாவதுதான் வரும். ஆனால் தமிழில் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்து, பி.எட்.டும் கே-டெட்டும் கையில் வைத்திருக்கிற பிள்ளைகள் அதைவிடக் கொஞ்சம். "அறிவிப்பு வர்ற அன்னிக்குக் கையில காகிதம் இருக்கணும். ரேங்க் லிஸ்ட் அதிகபட்சம் மூணு வருஷம்தான் உயிரோட இருக்கும். வந்தப்புறம் பி.எட். சேந்தா பஸ் போயிடும்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தமிழில் படித்ததை இத்தனை வருடமாக ஒரு குறை மாதிரி பொத்திப் பொத்திப் பேசிக்கொண்டிருந்தோம். மையத்தில் அந்த 26 பக்கத்தில் "மொழித் திறன்: மேம்படுத்த வேண்டும்" என்று மஞ்சள் பட்டை வேறு போட்டிருந்தார்கள்.

வீட்டம்மா தொடக்கப் பள்ளி வேலை பற்றிக் கேட்டாள். பி.எட். படித்தவர்கள் தொடக்க வகுப்புகளுக்குத் தகுதியில்லை, அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பான டி.எல்.எட். வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றார். டை கட்டிய தம்பியின் "ஒண்ணாவதுல இருந்து எங்கே வேணாலும்" அங்கே விழுந்தது.

மகள் கேட்டாள்: "எனக்கு எம்.எஸ்சி. படிக்கணும்னு ஆசைங்க மாஷே. ஆசைக்காகப் படிக்கலாமா?"

மாஷ் கொஞ்ச நேரம் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆசைக்குப் படி. ஆனா அரசுக் கல்லூரியில படி. ஃபீஸ் குறைவு, ரெண்டு வருஷம் வீட்டுச் சோறு. எம்.எஸ்சி. கடைசி வருஷத்துலயே நெட் எழுதலாம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைச்சா ஆராய்ச்சிக்குப் போ, கிடைக்காட்டி பி.எட். போ, ரெண்டு மேல்படியும் உனக்குத் திறந்திருக்கும். பி.எட். மட்டும் முதல்ல முடிச்சா, சீக்கிரம் வேலை. ஆனா நீ திரும்ப எம்.எஸ்சி.க்கு வர மாட்டே. வந்தவங்களை நான் பாத்தது குறைவு." ஜே.ஆர்.எஃப். என்றால் எவ்வளவு என்று நான் கேட்டேன், தரகன் புத்தி. மாதம் 37,000 என்றார். படிப்பதற்கு அரசாங்கம் கொடுக்கிறது. மழைக்காலத்தில் நான் அவ்வளவு பார்ப்பதில்லை.

வீட்டம்மாவுக்குத் திருப்தியில்லை. நாலு வருடம் என்பது அவள் கணக்கில் நாலு வரன். அந்த வாதம் எங்கள் வீட்டில் இன்னும் நடக்கிறது, அதில் மாஷைக் குறை சொல்ல முடியாது.

மகள் இப்போது விக்டோரியாவில் எம்.எஸ்சி. கணிதம். காலையில் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறுகிறாள். பகுப்பாய்வுக் கணிதம் என்று ஒரு தடிப் புத்தகம் வைத்துக்கொண்டு, ராத்திரி களத்தில் கொப்பரைக்குக் காவல் இருக்கும்போது லைட்டைப் போட்டுப் படிக்கிறாள். செப்டம்பரில் ஒரு நாள் ஓடிவந்து போனைக் காட்டினாள்: ஒன்று முதல் எட்டு வரை வகுப்பெடுக்கும் ஆசிரியர்களில், ஏற்கெனவே வேலையில் இருந்து ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் மிச்சமிருப்பவர்களும் இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வு பாஸ் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எங்கள் தெருவிலேயே ஒரு டீச்சர் அன்றிலிருந்து கைடு வாங்கிப் படிக்கிறார். என் மகளிடம் சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொள்ள வருகிறார்.

மதிப்பெண் கேட்பீர்கள். அந்த மையத்துக்கு ஐந்துக்கு இரண்டு. ஒன்று முன் மேசைப் பிள்ளைக்கு, ஒன்று 19-ஆம் பக்கத்துக்கு. போவதென்றால் ஜூலை, ஆகஸ்டிலேயே போங்கள், நுழைவுத் தேர்வுகளுக்கு அப்போதாவது நேரம் இருக்கும். திறனறித் தேர்வு வேண்டாம், ஆலோசனை மட்டும் போதும் என்றால் கட்டணம் குறைப்பார்கள், கேட்டால்தான் குறைப்பார்கள். உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக, "எந்தெந்தக் காலேஜ் உங்களுக்குப் பணம் கொடுக்குது?" என்று நீங்கள் கேளுங்கள். முகத்தைப் பாருங்கள், பதிலைவிட அது முக்கியம். வேறு மாநிலப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்றிதழ் கேட்கும் இடங்கள் உண்டு. கோடு தாண்டிச் சேர்வதாக இருந்தால் அதையும் அன்றைக்கே விசாரித்துவிடுங்கள்.

மாஷுக்கு நான் மார்க் போடுவதாவது. நாலரை வைத்துக்கொள்ளுங்கள், அரை மார்க் அந்த முக்கால் மணி நேரத் தாமதத்துக்கு. போன மாதம் நன்றிக்கு ஒரு குலை இளநீர் இறக்கி வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுல உன் கமிஷன் எவ்வளவு?" என்று கேட்டார்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் மார்க் லிஸ்டுகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொண்டு போங்கள். பேசுவதைப் பிள்ளை பேசட்டும், நாம் பேசினால் மாஷுக்குப் பிடிக்காது. என்னை இரண்டு முறை டீ வாங்கி வர வெளியே அனுப்பினார். பன்னிரண்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வீட்டுக்குப் போய்ச் சோறு உண்டு தூங்கிவிடுவார், நாலு மணிக்கு எழுந்தாலும் அப்போது பேசுவது விக்டோரியா காலேஜ் பற்றித்தான்.